தாம்பாளத்தில் ஒரு மைதானம்

கிரிக்கெட் எனக்குப் பிடிக்காது. இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன், ஆனால் அதை நம்ப ஆள் கிடைப்பதில்லை. போன வாரம் தாம்பரத்திலிருந்து வரும் பேருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கைப்பேசியை எட்டிப் பார்த்து, "பாயிண்ட்ல ஆளே நிறுத்தாம இப்படி வெளியே வெளியே போடுறானே" என்று முனகிவிட்டேன். அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு பேருந்தில் ஏறியவள் பேசுகிற பேச்சா இது என்று, என்னைத் தெரிந்திருந்தால், அவளுக்குத் தோன்றியிருக்கும். எனக்கே தோன்றியது.

எல்லாம் என் கணவருக்குக் கண் போனதால் வந்த வினை.

சர்க்கரைதான் காரணம். கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்றார்கள். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். முதலில் ஒரு கண், பிறகு மற்றது. ஜன்னல் இருக்கும் பக்கம் வெளிச்சம், மற்ற பக்கமெல்லாம் இருட்டு என்ற அளவுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து செம்பாக்கம் வரைக்கும் ஆட்டோவில் அவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த டிவியை யாருக்காவது குடுத்துடு" என்றார்.

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, டிவியைப் பற்றித்தான் பேசினார்.

இந்த மனிதருக்குக் கிரிக்கெட் என்றால் டிவியில் வரும் கிரிக்கெட்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அலுவலக நண்பர்களோடு சேப்பாக்கத்துக்குப் போய் நேரில் பார்த்தார். வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, "ஒண்ணும் தெரியல. எறும்பு மாதிரி ஓடுறானுங்க. ரீப்ளே கிடையாது" என்று குறைபட்டுக்கொண்டார். பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். இந்தியா ஆடும் நாட்களில் அவருக்குக் காய்ச்சல் வரும் என்பது மேலாளர் வரைக்கும் தெரிந்த விஷயம். பந்து வீசுகிறவனின் முதுகுக்குப் பின்னாலிருந்து காட்டும் அந்தக் கோணத்தில் முப்பது வருடமாக உலகத்தைப் பார்த்தவர் அவர்.

"டிவியைத் தர மாட்டேன்" என்றேன்.

"நீ பார்க்கவா போற?"

"நானும் பார்ப்பேன், நீங்களும் பார்ப்பீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல மாதம் அப்படியே இருந்தார். சாப்பாடு, மாத்திரை, தூக்கம். சர்ச்சுக்கு வர மாட்டேன் என்றார். மாடிப்படி இறங்க மாட்டேன் என்றார். நாங்கள் முதல் மாடி. கீழ்வீட்டில் இருப்பவர் வாசலிலேயே இரண்டு சக்கர வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கையில் கிரீஸோடு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தவர் அவர். அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் நானே டிவியைப் போட்டேன். இந்தியா யாரோடோ ஆடிக்கொண்டிருந்தது. அவர் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், ஆனால் காது இங்கேதான் இருந்தது. வர்ணனை செய்கிறவர்கள் மூன்று பேர். ஒருவர், "அடிச்சான் பாரு! என்ன அடி!" என்று கத்தினார். இன்னொருவர், "அதேதான்!" என்றார். மூன்றாமவர் நேற்று தங்கியிருந்த ஓட்டலில் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பந்து எங்கே போனது, யார் அடித்தது, எத்தனை ரன், ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? படம்தான் காட்டுகிறதே. அவர்கள் கண் இருக்கிறவர்களிடம் பேசுகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. என் கணவர் மூன்றாவது பந்துக்குப் பிறகு, பொறுக்க முடியாமல், முதுகைத் திருப்பாமலே கேட்டார்: "என்ன ஆச்சு?"

"பந்து... அந்தப் பக்கம் போச்சு" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"அதாங்க, அந்தப் பக்கம்."

அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எனக்கு அவர் மேல் இல்லை, என் மேல்தான் கோபம் வந்தது. ரேடியோவில் தேடினேன். கிடைத்த நாளில் ஹிந்தி, கிடைக்காத நாளில் சினிமாப் பாட்டு. சரி, இந்த மனிதருக்குப் பந்து எங்கே போனது என்று சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று முடிவு செய்தேன். கணக்கு வரவே வராது என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறையாக வந்த பிள்ளைகளை எல்லாம் பாஸ் செய்ய வைத்தவள் நான். நான் ஒரு பாடத்தைப் படிக்க ஆரம்பித்தால் அந்தப் பாடம்தான் களைத்துப் போகும்.

"ஓவர்னா என்ன, சொல்லுங்க" என்று மறுநாள் காபியோடு போய் நின்றேன். அவர் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. ஆனால் சொன்னார்.

முதல் மேட்ச்சில் நான் செய்த கூத்தைப் பின்னால் கேள்விப்பட்ட கீழ்வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குச்சி பறந்தது. நான் துள்ளிக் குதித்து, "அவுட்டுங்க! நம்ம ஆள் எடுத்துட்டான்!" என்றேன். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் குச்சி பறந்தது.

"ஐயோ, இன்னொருத்தனும் அவுட்!"

"அடுத்த பந்துலயேவா?"

"ஆமாங்க, அதே மாதிரி... இருங்க, இருங்க, மூணாவதும் அவுட்டு!"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஹாட்ரிக்கா? ஹாட்ரிக் எடுத்துட்டானா?" பிறகு எதையோ யோசித்து நின்றார். "ஏம்மா, பந்து மெதுவாப் போகுதா?"

"ரொம்ப மெதுவா. மிதக்குது."

"டீச்சரம்மா, அது ரீப்ளே" என்றார்.

அப்படியே நாற்காலியில் விழுந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் எத்தனை மாதம் கழித்துக் கேட்கும் சிரிப்பு! அதற்காக இன்னும் நாலு பேரை அவுட்டாக்கவும் தயாராக இருந்தேன்.

அடுத்த மேட்ச் அன்று நானே கீழே இறங்கிப் போய்க் கடை வாசலில் நின்றேன். "ஏன் வர்றதில்ல?" என்று நேராகக் கேட்டேன்.

அவர் ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எப்டி டீச்சர் வர்றது? சார் முன்னாடி குந்திகினு நான் மட்டும் பாத்துகினு கீறது... மன்சுக்கு பேஜாரா கீது."

"உங்க மனசை அப்புறம் பார்த்துக்கலாம். கையைக் கழுவிட்டு மேலே வாங்க. எனக்கு எல்பிடபிள்யூ புரியல."

வந்தார். எனக்கு எல்பிடபிள்யூ புரிய இரண்டு மேட்ச் ஆயிற்று. காலில் பட்டு நின்ற பந்து நேராகப் போயிருந்தால் குச்சியில் பட்டிருக்குமா என்பதுதானே, வடிவியல் தெரிந்தவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, அவர்கள் இருவரும் விளக்கிய விதம்தான் மோசம்.

பெரிய கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பந்து எங்கே போனது என்று சொல்லிவிடலாம். அங்கே ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல வேண்டாமா? அவருக்கு அதுதான் ஆட்டமே. ஆனால் டிவிக்காரன் மைதானத்தை முழுதாகக் காட்டினால்தானே? இரண்டு பந்துக்கு நடுவில் கன்னத்தில் கொடி வரைந்துகொண்ட பெண்ணைக் காட்டுவான், ஐஸ்கிரீம் தின்னும் குழந்தையைக் காட்டுவான், சினிமாக்காரர் யாராவது வந்திருந்தால் அவர் மூக்குச் சொறிவதைக் காட்டுவான். ஓவர் முடிந்தால் விளம்பரம். யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு வட்டப் படம் போடுவான், நான் கண்ணாடியைச் சரி செய்வதற்குள் எடுத்துவிடுவான். காசு கட்டிப் பார்க்கிற எனக்கு மைதானத்தைத் தவிர மற்ற எல்லாம் காட்டுகிறான் என்று நான் பொருமுவேன். கண் இருந்த காலத்தில் என் கணவருக்கு இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லையாம்.

ஒரு வட்டத் தாம்பாளத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். நடுவில் ஒரு தீப்பெட்டி, அதுதான் பிட்ச். சுற்றிலும் புளியங்கொட்டைகள், அவைதான் ஃபீல்டர்கள். அவர் விரலால் தடவிப் பார்த்து, "எந்தப் பக்கத்திலிருந்து வச்சிருக்க?" என்று கேட்டார். "டிவியில தெரியற மாதிரியே வை. பவுலர் என் வயித்துப் பக்கம், பேட்ஸ்மேன் எதிர்ல." அப்படியே வைத்தேன். ஆனால் அவர் தடவும்போதெல்லாம் கொட்டைகள் நகர்ந்துவிட்டன. லாங் ஆனில் நிறுத்தியவன் உருண்டு அவர் வேட்டிக்குள் போய்விட்டான்.

சப்பாத்தி மாவு பிசைந்து தாம்பாளம் முழுக்கப் பரப்பி, அதில் கொட்டைகளை அழுத்தினேன். அதற்குப் பிறகு ஒருவனும் நகரவில்லை. ஃபீல்டிங் மாறினால் பிடுங்கி வேறு இடத்தில் நடுவேன். இடது கை ஆட்டக்காரன் வந்தால் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட வேண்டும். முதல் தடவை மறந்துவிட்டேன். பந்து லெக் சைடில் போகிறது என்று நான் சொல்ல, அவர் விரல் எதிர்ப்பக்கம் தேட, "அங்க யாரு கேட்ச் புடிச்சது, அம்பயரா?" என்று திட்டு வாங்கினேன். கீழ்வீட்டுக்காரர் மட்டும், "டீச்சர், மேட்ச் முட்ஞ்சா நைட்டுக்கு இதே சப்பாத்தியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

நான் கெட்டிக்காரி ஆனேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். பந்து போடுகிறவன் ஓட ஆரம்பித்ததும் ஆரம்பிப்பேன், மட்டையில் படும்போது முடிப்பேன். "ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, நல்ல நீளம், முன்னங்காலை எடுத்து வச்சு கவர்ல தட்டினான், கவர்ல ஆள் இருக்கான், ரன் இல்ல." அவர் விரல் மாவின் மேல் அந்தக் கொட்டையைத் தொடும். டிவி சத்தத்தை முழுக்க நிறுத்திவிடச் சொன்னார். "அவனுங்க வேணாம், நீ போதும்" என்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

மெல்ல மெல்ல வெளியே வந்தார். கீழ்வீட்டுக்காரர் கடைக்குப் போய், கேப்டனை எப்படி மாற்ற வேண்டும் என்று வருகிற வாடிக்கையாளரிடம் எல்லாம் சண்டை பிடித்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு சாயங்காலங்களில் ஏரிக்கரை வரைக்கும் நடந்தார். ஒரு ஞாயிறு சர்ச்சுக்கும் வந்தார்.

அப்போதுதான் அந்த மழை வந்தது. இங்கே இல்லை, ஆட்டம் நடந்த ஊரில். பிட்சைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நான் சமையலறைக்குப் போய்க் குழம்பை இறக்கிவிட்டு வந்தேன். பார்த்தால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. "மழை விட்டுடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். சட்டையின் நீலம் கொஞ்சம் மாறித் தெரிந்தது. மழைக்குப் பிறகு வெயில் அடித்தால் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பந்து சொன்னேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இரு. அடுத்தது ஷார்ட்டா போடுவான். இவன் திரும்பி புல் பண்ணுவான். ஸ்கொயர் லெக்குக்கு மேல சிக்ஸ்."

அப்படியே நடந்தது. அச்சு மாறாமல் நடந்தது.

"அடிச்சுட்டு ஹெல்மெட்டைத் தட்டிக்குவான் பாரு."

டிவியில் அவன் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையில் இருந்த புளியங்கொட்டைகள் கீழே சிதறின. கண் வந்துவிட்டது, ஆண்டவரே, கண் வந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அவர் முகத்துக்கு நேராக என் கையை ஆட்டிப் பார்த்தேன். அவர் இமை அசையவில்லை.

"பழைய மேட்ச்மா. மழைக்கு நடுவுல போடுறான். இது நான் பார்த்தது."

மூலையில் சின்னதாக அப்படித்தான் எழுதியிருந்தது. நான் கவனிக்கவில்லை. அதன் பிறகு நான் பேசவில்லை, அவர்தான் சொன்னார். ஒவ்வொரு பந்தையும், வருவதற்கு முன்பே. பந்து போடுகிறவன் நெற்றி வியர்வையை எந்தக் கையால் வழிப்பான் என்பதுகூட. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த முகம் ஒரு பார்க்கிறவனின் முகம். அழுதுகொண்டே சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

என் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. விஷயம் தெரிந்ததும் கீழ்வீட்டுக்காரர் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார். பழைய மேட்ச் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது என்று, அதை டிவியோடு இணைத்துக் கொடுத்தார். "சாருக்கு இன்னா மேட்ச் வேணுமோ சொல்லட்டும், நான் போட்டுத் தரேன்." என் கணவருக்குத் தீபாவளி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எல்லாம் அவர் கண்ணால் பார்த்தவை. எல்லாம் இந்தியா ஜெயித்தவை. தோற்றதைப் போடவா என்று ஒரு முறை கேட்டதற்கு, "அதை எவன் பார்ப்பான்?" என்று எரிந்து விழுந்தார்.

எனக்கு வேலை இல்லாமல் போனது. முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது, தொண்டைக்கு ஓய்வு. பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தாம்பாளம் பரணுக்குப் போய்விட்டது. "என்ன ஆச்சு?" என்று அவர் கேட்பதே இல்லை. என்ன ஆகும் என்று தெரிந்தவர் எதற்குக் கேட்பார்? ஏரிக்கரைக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்றார். கடைக்கும் இறங்குவதில்லை. புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்தது, ஆஸ்திரேலியாவில். சொன்னேன். "நீ வேணும்னா பாரு" என்றார். கண் போன நாளில் உட்கார்ந்த அதே நாற்காலியில், இப்போது சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மற்றபடி அதே இருப்புதான்.

அந்தத் தொடரின் கடைசி மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு அணியும் சமமாக ஜெயித்திருந்தன. சனிக்கிழமை மத்தியானம், ஓடிக்கொண்டிருந்த பழைய மேட்ச்சை நான் நிறுத்தினேன்.

"போடு" என்றார்.

"போட மாட்டேன். நாளைக்குப் புது மேட்ச் பார்க்கறோம்."

"எனக்கு இதுதான் வேணும். இது நான் பார்த்தது. அது நீ பார்த்துட்டு எனக்கு ஊட்டி விடுறது. எத்தனை நாளைக்கு ஊட்டி விடுவ?"

சுருக்கென்று தைத்தது. மூன்று மாதம் மாவு பிசைந்த கை என்னுடையது. திருப்பி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவரே தொடர்ந்தார், குரல் இறங்கியிருந்தது.

"இந்த டீம்ல பாதிப் பேர் நான் பார்க்கும்போது ஆடவே இல்லம்மா. மூஞ்சியே தெரியாது. மூஞ்சி தெரியாத ஒருத்தன் அவுட்டானா எனக்கு ஏன் வயிறு எரியணும், சொல்லு?"

அதுதான் விஷயம் என்று அப்போது தெரிந்தது. எனக்குப் பதிலும் உடனே வந்தது, ஏனென்றால் அது என் தொழில்.

"பொதுத் தேர்வுப் பேப்பர் திருத்தப் போவேனே, ஞாபகம் இருக்கா? பேர் கிடையாது, மூஞ்சி கிடையாது, பையனா பொண்ணான்னுகூடத் தெரியாது. ஒரு பிள்ளை அஞ்சு மார்க் கணக்கை அழகாப் போட்டுட்டு வந்து, கடைசி வரியில கூட்டறதுல கோட்டை விட்டிருக்கும். அன்னைக்கு நான் சாப்பிட்டேனா? ஏன் தட்டை அப்படியே வச்சிருக்கன்னு கேட்டது யாரு? நீங்கதானே?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"கண்ணு போச்சு. சரி. வயிறு எரியறதுக்குக் கண்ணு எதுக்குங்க?"

பரணிலிருந்து தாம்பாளத்தை இறக்கினேன், சத்தம் வரும்படியாகவே இறக்கினேன்.

ஞாயிறு முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து மாவு பிசைந்தேன். பார்த்தால் கேபிள் இல்லை. தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியவர்கள் கம்பியையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். நான் அசரவில்லை. கீழ்வீட்டுக்காரரை வரவழைத்து, கைப்பேசியில் வரும் நேரலையை டிவியில் போட வைத்தேன். என் கணவர் வந்து உட்கார்ந்தார், வேண்டா வெறுப்பாக. தாம்பாளத்தை மடியில் வாங்கிக்கொண்டார்.

இந்தியா இரண்டாவதாக ஆடியது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வரிசையாக வந்து வரிசையாகப் போனார்கள். அவருக்கு முகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பிறகு ஒரு பையன் வந்தான். அந்தத் தொடரில்தான் முதல் முறையாக ஆடுகிறவன். வந்ததும் நின்றான், நிதானமாக நின்றான். நான் சொல்லச் சொல்ல என் கணவரின் விரல்கள் மாவில் ஓட ஆரம்பித்தன. "மிட் விக்கெட்டை உள்ள கூப்பிட்டுட்டானா? அப்ப மேல தூக்கு, தூக்குடா" என்று அந்தப் பையனிடமே பேசினார்.

அப்போதுதான் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. எதிர் அடுக்குமாடியில் எல்லோருக்கும் மொட்டை மாடியில் டிஷ். எங்கள் கைப்பேசியில் படம் சில நொடிகள் தாமதம். பந்து போடுகிறவன் இங்கே இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை, அங்கே "ஹோ" என்று கத்துகிறார்கள். நான் சொல்வதற்கு முன்பே என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. "ஃபோரா?" என்றார். அடுத்து இன்னொரு கத்தல். "இது சிக்ஸ்." மூன்றாவது முறை நாற்காலியின் கையை ஓங்கி அடித்தார்.

"அவனுங்க எனக்குச் சொல்லக் கூடாது! நீ சொல்லு!"

கீழ்வீட்டுக்காரர் ஓடி ஜன்னலை எல்லாம் சாத்தினார். புழுங்கியது. அப்படியும் கேட்டது.

கடைசிப் பந்து. நாலு ரன் வேண்டும். அந்தப் பையன்தான் அடிக்க வேண்டும். நான் கொட்டைகளை எல்லைக்கு நகர்த்தி அழுத்தினேன். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். லாங் ஆனுக்கும் மிட் விக்கெட்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. அங்கே விரலை வைத்து ஒரு முறை அழுத்தினார். பிறகு தாம்பாளத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்து, தன் இரண்டு காதையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

கண் இல்லாத மனிதர். இருந்த ஒரே வழியையும் தானாகவே அடைத்துக்கொண்டு, நான் சொல்லும் வரைக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார்.

டிவியில் பந்து போடுகிறவன் கையில் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் எதிர்வீட்டுக் கத்தலுக்காகக் காத்திருந்தேன். கத்தல் வரவில்லை. ஒரு வீட்டிலும் வரவில்லை. எங்கோ குக்கர் விசில் அடித்தது. கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. என் கணவருக்கு மட்டும் அந்தப் பந்து இன்னும் போடப்படவேயில்லை. விரல்கள் வெளுக்கும்படி காதை அழுத்திக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டு, அந்தப் பையனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பந்து வந்தது. பையன் தூக்கினான். அந்த இடைவெளியை நோக்கித்தான் போனது. மிட் விக்கெட்காரன் ஓடி வந்தான், ஓடிக்கொண்டே இருந்தான், எல்லைக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் விழுந்து பிடித்தான்.

அவருடைய வலது கையைக் காதிலிருந்து எடுத்தேன். பொய் சொல்ல ஒரு வினாடி ஆசை வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் என்னிடம் கேட்டது அதை இல்லை.

"நீங்க காட்டின இடத்துக்குத்தாங்க அடிச்சான். மிட் விக்கெட்காரன் ஓடி வந்து விழுந்து புடிச்சுட்டான். கோட்டுக்கு ஒரு அடிதான் பாக்கி. தோத்துட்டோம்."

அவர் இன்னொரு கையையும் மெல்ல இறக்கினார். பிறகு, "பையன் என்ன பண்றான்?" என்றார்.

"மட்டையில சாஞ்சு மண்டி போட்டு உட்கார்ந்துட்டான்."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

சொன்னேன். மாநிறம். ஒடுங்கின கன்னம். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான், முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான், ஆனால் தாடை ஆடுகிறது. சொல்லிக்கொண்டே வந்தபோது என் கணவரின் தாடையும் ஆடுவதைப் பார்த்தேன்.

கீழ்வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "சார், மன்சு கஷ்டமா கீதா? பழைய மேட்ச் ஒண்ணு போடட்டா? நாம ஜெயிச்சது."

"வேணாம்பா" என்றார் என் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்பதான் தோத்திருக்கேன். கொஞ்ச நேரம் தோத்துட்டு உட்கார்ந்திருக்கேன், விடு."